இறங்காத ஆள்

அகலமான மீன் டப்பாவில் வந்தன
மூன்று ஃபிளாப்பிகள்.
அனுப்பியவர் குன்டர்ஸ். தொண்ணூற்றொன்றில்
ரீகாவின் ஏதோ ஒரு கணிப்பு நிலையத்தில்
இரவு ஷிஃப்டில் உட்கார்ந்து
எங்கள் லியேபாயா டிராமை
விளையாட்டாக எழுதியவர்.
வட்டுகளில் புகைமீன் வாசம்.
இரண்டாவதில் ஓரிடம் செத்துக் கிடந்தது.
பதினோரு முறை படிக்கப் பார்த்தேன்;
பன்னிரண்டாம் முறை, கோபத்தில்
டிரைவை மேஜையில் ஒரு தட்டுத் தட்டியதும்
எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டது.

என் புதுக் கணினியில் ஓடவிட்டேன்.
மணி அடித்தது.
அவ்வளவுதான்.
டிராம் கிளம்பி, பாலம் தாண்டி,
சந்தை, உலோக ஆலை, கல்லறை எல்லாம் தாண்டி
ஷெட்டுக்குள் போய் நின்றுவிட்டது,
நான் விசையிலிருந்து விரலை எடுக்கும் முன்.
திரையில் ஒரு வரி:
“இன்றைய வேலை முடிந்தது.
ஓட்டுநர் ஓய்வெடுக்கலாம்.”

அந்தக் காலத்துப் பெட்டிகளில்
டர்போ என்று ஒரு பொத்தான் உண்டு.
பேர்தான் டர்போ;
பழைய விளையாட்டு ஓட வேண்டுமென்றால்
அதை அணைத்து வேகத்தைக் குறைப்பார்கள்.
என் கணினியில் அந்தப் பொத்தான் இல்லை.
மெதுவாகப் போகலாம் என்று
அதற்கு யாரும் சொன்னதே இல்லை.

ஆகவே காதில் பூச்சுற்றத் தொடங்கினேன்.
நிரலே, இது தொண்ணூற்றொன்று.
நினைவகம் அறுநூற்று நாற்பது கே, மேலே கேட்காதே.
இதோ உன் ஒலி அட்டை,
220 என்ற அதே கதவெண்ணில் குடியிருக்கிறது.
இதோ உன் பதினாறு வண்ணம்.
வெளியே எந்த நாடு என்று மட்டும் கேட்காதே,
அந்த வருஷம் அது எங்களுக்கே நிச்சயமில்லை.
ஆயிரம் பொய் சொல்லி நடத்தும் கல்யாணம்தான்;
ஒவ்வொரு பொய்க்கும் நேரம் கணக்கிட வேண்டியிருந்தது,
மில்லிசெகண்டில்.

பகலில் துறைமுகத்தில் லாரிக்கு எடை போடுகிறேன்.
இரவில் இது.
மார்ச் பனி உருகுவதற்குள்
ஒரே ஒரு படம், இரண்டு சொடுக்கு,
டிராம் டிராமாக ஓடியது.

போகிற போக்கில் ஒரு பிழையையும் திருத்தினேன்.
நான்காம் நிறுத்தத்தில் ஏறும் ஒருவர்
எங்குமே இறங்குவதில்லை.
ஒன்றிலிருந்து எண்ண வேண்டிய இடத்தில்
பூஜ்யத்திலிருந்து எண்ணியிருக்கிறார் குன்டர்ஸ்.
ஒரே எழுத்தை மாற்றினேன்.
சந்தை வாசலில் இறங்கிப் போனார்.

ஒன்பது நாள் கழித்து யெல்கவாவிலிருந்து கடிதம்.
ஸ்கைத்ரீத்தே, ஓய்வுபெற்ற கணக்காளர்.
வணக்கம் இல்லை, நன்றி இல்லை:
“ஸைகா அம்மையாருக்கு.
ராத்திரி ஷெட்டில் டிராமை நிறுத்தினால்
பயணிகள்: 1 என்று காட்டும்.
அலுவலகக் கணினியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில்,
நான்கு வருஷம் அவரை ஏற்றிக்கொண்டு போனேன்.
எல்லாக் கணக்கையும் பைசா சுத்தமாக முடித்தவள் நான்.
அந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன்.
அவரை எங்கே இறக்கினீர்கள்?”

அது பிழைதான் என்று விளக்கி
அரைப்பக்கம் எழுதினேன். அழித்தேன்.
குன்டர்ஸைத் தொலைபேசியில் பிடித்தேன்.
“அப்படி ஒருத்தரா?
நான் பார்த்ததே இல்லையே.
ஷெட் வரைக்கும் ஓட்டிப் பார்க்க
எங்களுக்கு ஏதம்மா நேரம்?”

எடுத்தது ஒரு எழுத்து.
திருப்பி வைத்தால் போதவில்லை.
இதற்குள் நான் சீராக்கிய கதவும் மணியும் இருக்கையும்
அவர் இல்லாமல் பழகிவிட்டிருந்தன;
ஏறியதும் மொத்த டிராமும் உறைந்து நின்றது.
மூன்று இரவு.
நாலாவது இரவு, ஷெட்டின் மஞ்சள் விளக்கு அணைந்த பிறகு
திரையின் மூலையில்
பயணிகள்: 1.

அந்த வரிக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதினேன்,
எனக்குப் பின்னால் வருகிறவருக்கு:
தொடாதீர்கள், ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

பதிப்பு 1.2. மாற்றங்கள்:
மணியோசை இனி இரைச்சலிடாது.
முழுத்திரையிலும் ஆடலாம்.
பிழை ஒன்று சேர்க்கப்பட்டது.